புறங்கையால் கேட்பவர்

செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலால் வேனின் தரையைத் தடவிப் பார்க்கிறார் அப்பா. குளிக்க இறங்குமுன் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது போல. அங்கே கிடந்த ரப்பர் விரிப்பை என்றைக்கோ எடுத்து எறிந்துவிட்டார். வெறும் தகடுதான். கால் அதில் பதிந்த பிறகுதான் சாவியைத் திருப்புகிறார்.

பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் கட்டுக்கட்டாகக் கூரைவரை ஏறியிருக்கின்றன. சலவைக்கூடத்தின் சூடு அவற்றில் இன்னும் ஆறவில்லை. மெல்ல முன்பக்கம் கசிந்து வந்து பிடரியில் படுகிறது. வெளியே விடிகிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சம். தெருவிளக்குகள் எரிந்துகொண்டும் எரியாதது போலவும் நிற்கின்றன. இந்த வேனில் அந்த நேரத்தில் ஏறுகிற யாருக்கும் கண் சொருகும். அப்பாவுக்குச் சொருகாது.

லாட்ஜ்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அழுக்கு விரிப்பை வாங்கிக்கொண்டு வெளுத்ததைக் கொடுப்பது அவர் தொழில். போகிற இடமெல்லாம் அவருக்குப் பெயர் போர்வையண்ணன். வீட்டில் வெறும் பாயில்தான் படுப்பார். கேட்டால், "நாள் பூரா அதையே தூக்கிச் சுமந்துட்டு ராத்திரியும் அது மேலயா விழணும்?" என்பார்.

வண்டியை அதட்டி ஓட்டுவது அவருக்குப் பிடிக்காது. மேட்டில் கியரைக் குறைக்காமல் இன்ஜினை முனகவிட்டுக்கொண்டு யாராவது ஏறினால், ஓரமாக ஒதுங்கி அவர்களைப் போகவிட்டு, "கழுதை மேல கல்ல ஏத்தறான் பாரு" என்பார். அவருடைய வேன் முனகி நான் கேட்டதில்லை.

அவரும் கேட்டதில்லை. அவருக்குக் கேட்காது.

வயதானால் எல்லோருக்கும் மெல்லிய கீச்சுச் சத்தங்கள் முதலில் போகும். அப்பாவுக்கு மாறாக நடந்தது. தாழ்ந்த சத்தங்கள் போய்விட்டன. காது மருத்துவர் வரைந்து காட்டிய கோடு, மற்றவர்களுக்கு வலப்பக்கம் சரிவது, இவருக்கு இடப்பக்கம் சரிந்திருந்தது. அடுத்த அறையில் கரண்டி விழுந்தால் திரும்பிப் பார்ப்பார். வாசலில் லாரி நின்று உறுமினால் தெரியாது. பெண்களோடும் குழந்தைகளோடும் நன்றாகப் பேசுவார். கனத்த குரல் ஆண்களிடம் சிரித்துத் தலையாட்டுவதோடு சரி. ஒரு லாட்ஜின் மேலாளரைப் பற்றி, "அந்த மனுஷன் வாயத் திறந்தா மீன் மாதிரி இருக்கு. என்ன திட்டறான்னு தெரியாததால எனக்கு அவன் மேல கோபமே வரல" என்றார். அண்ணனுக்கும் கனத்த குரல். வெளிநாட்டிலிருந்து அவன் கூப்பிட்டால் போனை என்னிடம் தந்துவிடுவார். பெற்ற மகன் அவருக்கு மொழிபெயர்ப்பில்தான் கிடைக்கிறான்.

இந்தக் காதை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் ஒரு வண்டியை அவரால் பார்த்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் அம்மா. அம்மாதான் விரிப்புகளைச் சரிபார்த்துக் கட்டுக் கட்டுவார். பிறகு இடது இருக்கையில் ஏறிக்கொள்வார். வண்டியில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் அதை விவரிக்க மாட்டார். அதே மாதிரி வாயால் போட்டுக் காட்டுவார். கீச்சுச் சத்தமென்றால் அப்பாவுக்கே காதில் விழும். தாழ்ந்த சத்தமென்றால் அப்பா கியரிலிருந்து இடது கையை எடுத்து, புறங்கையை அம்மாவின் தொண்டையில் வைப்பார். அம்மா உதட்டை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று முனகுவார். வளைவில் சத்தம் ஏறினால் அவரும் ஏற்றுவார், இறங்கினால் இறக்குவார். ஏன் உள்ளங்கை இல்லை என்று ஒருமுறை கேட்டேன். "உள்ளங்கை காய்ச்சுப் போச்சு. இதுல தோல் மெலிசு" என்று கையைத் திருப்பிக் காட்டினார்.

ஒருநாள் சாலையோரம் நிறுத்தி இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். "என்னம்மா, ஏதாவது பிரச்சனையா?" அப்பாவின் கை கழுத்தில் இருக்க, அம்மா நிதானமாகச் சொன்னாராம்: "ஆமாங்க. முன் சக்கரம் முனகுது."

அம்மா மழைக்காலம் முடிகிற சமயத்தில் போய்விட்டார். இருமல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது அந்த இருக்கை காலி. காலி இருக்கைக்கும் அப்பா பெல்ட் மாட்டி வைக்கிறார். "மாட்டலன்னா கொக்கி ஆடும். டிங் டிங்னு காதக் குடையும்" என்றார். உண்மைதான், ஆடும். நான் ஆட்டிப் பார்த்தேன்.

முனகல் தொடங்கியது அதன் பிறகு. அப்பாவின் இடது பாதம்தான் முதலில் சொன்னது, தரையில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறதென்று. முன் சக்கரம், இடது பக்கம் என்று முடிவு செய்தார். பட்டறையில் இடது சக்கரத்தின் பேரிங்கை மாற்றினார்கள். ஊர்வது நிற்கவில்லை. மறுபடி கொண்டுபோனார். பட்டறைக்காரர் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டு, "ஒண்ணும் இல்லயே, நல்லாத்தான சுத்துது" என்றாராம். அப்பா என்னிடம் சொன்னார்: "தூக்கி வச்சா எல்லா சக்கரமும் நல்ல பிள்ளைதான். பாரம் ஏறினாத்தான் குணம் தெரியும்."

பேரிங் தேய்ந்துகொண்டே போனால் ஒருநாள் சூடேறி இறுகும், அல்லது சக்கரமே ஆடும். அதற்குமுன் அது தரும் ஒரே எச்சரிக்கை இந்த முனகல். அதைக் கேட்க முடியாதவர் இந்த வேலையைச் செய்யக்கூடாது என்பது அண்ணன் கட்சி. நானும் அதைத்தான் சொன்னேன். எனக்கு இயந்திரங்களின் அதிர்வை அளப்பது உத்தியோகம். வேறு எதைச் சொல்வேன்? சாவியை வாங்கிக்கொள்வதற்காகத்தான் லீவு போட்டு வந்தேன்.

அப்பா சண்டை போடவில்லை. "ஒரு நாள் கூட வா. சத்தம் எங்கேருந்து வருதுன்னு நான் கண்டுபிடிக்கலன்னா சாவிய நானே உன் கையில தரேன்" என்றார். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, அடுத்த வாரம் மழை வரலாம் என்பது போலச் சொன்னார். ஆனால் வேலை இல்லாத மத்தியானங்களில் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்திருந்தேன். வாசற்படிக்கும் அடுப்படிக்கும் நடுவில் நின்றுவிடுவார், எதற்காக எழுந்தோம் என்பது மறந்துபோனவராக. வேன்தான் அவரைக் காலையில் எழுப்புகிறது. அதை எடுத்துவிட்டால் எது எழுப்பும் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அதிகாலை இடது பக்கக் கதவைத் திறந்தேன். அப்பா கொக்கியைக் கழற்றி, பெல்ட்டை ஒதுக்கிப் பிடித்து, நான் உட்கார்ந்ததும் மாட்டிவிட்டார். 

கிளம்பிச் சிறிது நேரத்திலேயே எனக்குக் கேட்டது. வேகம் பிடிக்கும்வரை ஒன்றுமில்லை. பிறகு தரைக்கு அடியிலிருந்து ஒரு ம்ம்ம். அதில் மிரட்டல் எதுவும் இல்லை. சொல்லப்போனால் இனிமையாக இருந்தது. முதுகில் விரிப்புகளின் வெதுவெதுப்பு, கண்ணெதிரே கரைகிற தெருக்கள், காலடியில் யாரோ குழந்தையைத் தூங்கவைப்பது போன்ற ஒலி. சிறு வயதில் விடுமுறை நாட்களில் இந்தக் கட்டுகள் மேல் படுத்தே தூங்கியிருக்கிறேன். கண்ணை மூடினால், முன்னிருக்கையில் இருப்பது நான் இல்லை.

முதல் வளைவு இடது பக்கம் திரும்பியது. ஒலி எழும்பியது. இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் விழும். அடுத்த வளைவு வலது பக்கம். ஒலி ஒடுங்கியது. அவ்வளவுதான், கணக்கு முடிந்துவிட்டது. என் போனில் இருந்த அதிர்வு அளக்கும் செயலியும் அதையே வரைந்து காட்டியது.

"அப்பா, எந்தப் பக்கம்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு."

"சொல்லாதே."

"ஏன்ப்பா?"

"நீ சொன்னா இந்த பேரிங் சரியாகும். அடுத்தது? நீ ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிடுவ."



முதல் லாட்ஜில் கட்டுகளை இறக்கினோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண், "போர்வையண்ணே, இன்னைக்கு ஆளோட வந்திருக்கீங்க?" என்றாள்.

"மக. இன்ஜினியர். வண்டிக்கு வைத்தியம் பாக்க வந்திருக்கு."

"வண்டிக்கா, உங்களுக்கா?"

"ரெண்டும் ஒரே மாடல்தானேம்மா."

மீன் மேலாளர் உள்ளேயிருந்து வந்து ஏதோ சொன்னார். தலையணை உறைகள் குறைகின்றன என்று புகார். அப்பா ஆனந்தமாகச் சிரித்துத் தலையாட்டினார். மேலாளரும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டுப் போனார்.

லாட்ஜுகளைத் தாண்டினால் கிடங்குகளின் தெரு. அகலமான சாலை, அந்த நேரத்தில் ஆளே இருக்காது. பனி தரையோடு படிந்து, கிடங்குக் கதவுகள் பாதிக்கு மேல்தான் தெரிந்தன. அப்பா அங்கே வேகத்தைச் சீராக்கினார்.

"பக்கத்த சொல்ல வேண்டாம். சத்தம் எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு. என் கால்ல ஊர்றது அதுதானான்னு தெரியணும்."

"நூத்தி எழுபது ஹெர்ட்ஸ். வேகம் ஏறினா ஏறுது."

"சரி. அது எப்படி இருக்கும்?"

ஏறி இறங்கும் கோட்டைக் காட்டப் போனை நீட்டினேன். ஒரு கண்ணால் பார்த்தார்.

"மலை நல்லாருக்கு. ஆனா அம்மாடி, எனக்குப் படிக்க வேண்டாம். போட்டுக் காட்டு."

நான் முனகியதில்லை. அம்மா போனதிலிருந்து தேவைக்கு மேல் குரலையே எடுத்ததில்லை. அலுவலகத்தில் தலையாட்டி, வீட்டில் ஓரிரு சொல்லில் சமாளித்து வந்திருந்தேன். உதட்டை மூடிக்கொண்டேன். அப்பாவின் இடது கை கியரிலிருந்து எழுந்தது. என் பக்கம் திரும்பி, பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தக் கைக்குத் தெரிந்த கழுத்து ஒன்றே ஒன்றுதான்.

நானே அதைப் பிடித்து என் தொண்டையில் வைத்தேன். குளிர்ந்திருந்தது. சோப்பு வாசனை வந்தது.

முதலில் வந்தது உடைந்த ஏதோ ஒன்று.

"இது வயர் லூசா இருக்கிற மாதிரி இருக்கு," என்றார் சாலையைப் பார்த்தபடி. "பரவால்ல. உங்கம்மாவும் முதல்ல இப்படித்தான். வெக்கப்படுவா."

மறுபடி முயன்றேன். என் ஒலியும் சக்கரத்தின் ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒட்டவில்லை. இரண்டு ஒலிகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது நடுவில் ஓர் அலை உண்டாகும். வலுத்து, மெலிந்து, வலுத்து, மெலிந்து. நெருங்க நெருங்க அந்த அலை நீண்டுகொண்டே போகும். இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். தொண்டைக்குள் நடக்கும்போது எப்படி இருக்கும் என்று அதில் இல்லை. அலை நீண்டது, இன்னும் நீண்டது, பிறகு நின்றது. சக்கரம் எது நான் எது என்று எனக்கே தெரியவில்லை. முன்கண்ணாடியில் பனி வந்து மோதிக்கொண்டிருந்தது.

"இரு," என்றார் அப்பா. "அப்படியே இரு. நிறுத்திராதே."

வண்டி மெல்ல இடது பக்கம் திரும்பியது. சக்கரத்தின் ஒலி எழும்பியது. நான் என் ஒலியை ஏற்றவில்லை. ஏற்றினால் பக்கம் தெரிந்துவிடும். அம்மாவாக இருந்தால் ஏற்றியிருப்பார்.

அப்பாவுக்கு அது புரிந்தது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். சத்தத்தின் குணம் தெரிந்துவிட்டது. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாக்கி. இடது பாதத்தைத் தரையில் அழுத்தினார். உதட்டைப் பிதுக்கினார். "இங்கதான் இருக்கு. ஆனா திருப்பினா கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்படியே கெடக்கு. யாரோ பக்கத்து வீட்டுல பேசற மாதிரி."

நான் வெளியே பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

"பக்கத்து வீடு," என்று தனக்குள் மறுபடி சொல்லிக்கொண்டார். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தார். ஏதோ புதிதாக வாங்கியவை போல. முன்னும் பின்னும் சாலையைப் பார்த்துவிட்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஆக்சிலரேட்டரிலிருந்து வலது காலை எடுத்து, பிரேக்கை ஒட்டினாற்போல், தரையில் பாதத்தைப் பரப்பி வைத்தார்.

இன்ஜின் தணிந்தது. வேன் தானாக உருண்டது. அந்த அமைதியில் சக்கரத்தின் முனகல் மட்டும் மிதந்தது. அப்பா ஸ்டீயரிங்கை இடது பக்கம் சற்றே திருப்பினார். வலது காலின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கித் தகட்டைப் பிடித்தன. வலது பக்கம் திருப்பினார். விரல்கள் தளர்ந்தன. மறுபடி இடது பக்கம். மறுபடி மடங்கின.

"அடப்பாவி," என்றார் வலது சக்கரத்தைப் பார்த்து. "நீயா!"

ஓரமாக நிறுத்தினார். இரண்டு பாதங்களையும் தகட்டில் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"இடது கால் சும்மா இருக்குது பாரு, கிளட்ச் மிதிக்கிறப்ப தவிர. அதனால எல்லாத்தையும் அதுதான் கேக்கும். வலது கால் எப்பவும் மிதியில. அங்க இன்ஜின் ஆட்டம் எந்நேரமும் இருக்கும். அத கண்டுக்காம விட்டு விட்டு, அந்தக் கால் சொல்றதையே கேக்காம விட்டுட்டேன். எது நடந்தாலும் இடப்பக்கம்னே தோணுச்சு." வலது பாதத்தைத் தடவிக்கொண்டார். "பக்கம் சொல்ல அவ இருந்தா. எனக்கு ரெண்டு கால் தேவைப்படல."

"வலதுதான்ப்பா," என்றேன்.

"இப்ப சொல்லு. நல்லா சொல்லு."

பட்டறையில் வலது சக்கரத்தைக் கழற்றி, பழைய பேரிங்கை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார்கள். அதை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். உள்ளே மணல் நெறுநெறுப்பது போலிருந்தது. பட்டறைக்காரர், "அன்னைக்கு நீங்கதான இடதுன்னு சொன்னீங்க?" என்றார். "அன்னைக்கு ஒரு கால்ல நின்னுட்டிருந்தேன்" என்றார் அப்பா. பட்டறைக்காரருக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார்.

அப்போதுதான் அண்ணன் கூப்பிட்டான்.

"சாவி வாங்கிட்டியா?"

"இல்ல."

"ஏன், தரமாட்டேங்கறாரா?"

"கண்டுபிடிச்சிட்டார். நான் சொல்லல. அவரே."

"காது கேக்காத மனுஷன் எப்படிடி?"

"கால்ல."

"கால்லயா? வெறுங்கால்லயா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டான். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி, விடு. அடிக்கடி போய்ப் பாத்துக்க" என்றான்.

அப்பா, "என்னவாம் உங்கண்ணனுக்கு?" என்றார்.

"சௌக்கியமான்னு கேக்கறான்."

"பொய். அதுக்கு இவ்வளவு நேரம் ஆகாது."

நான் கிளம்புவதற்குள் இன்னொரு காலையும் கூடப் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை. கிடங்குத் தெருவுக்கு வந்ததும் அப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இரண்டு பாதங்களையும் பரப்பி, இடமும் வலமும் லேசாக அசைத்து, "ம்" என்று சொல்லிக்கொண்டு மறுபடி கியரைப் போட்டார். இனி தினமும் அங்கே அப்படித்தான் செய்யப்போகிறார் என்று தெரிந்தது. கண்ணாடியைத் துடைப்பது போல, அதுவும் ஒரு வேலை.

சக்கரம் முனகவில்லை. எண்ணெய் போட்டது போல வண்டி ஓடியது. பனி விலகாத தெருக்கள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன. விரிப்புகளின் சூடு பிடரியில் வந்து படிந்தது. கண் சொருகியது. அரைத் தூக்கத்தில் காலடியில் அந்த ம்ம்ம் கேட்டது. பேரிங் அல்ல. ஒலி ஏறியது, வளைவுக்கு வளைவு ஏறி இறங்கியது, பக்கம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. விழித்துக் கேட்டேன். எதுவும் இல்லை. டயர் சாலையில் உருளும் ஒலி மட்டும். அளவில், வரம்பில், எல்லாம் சரியாக.

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அழுகை வந்தது, சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் அவருக்குக் கேட்கிற சத்தம் இல்லை அது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் மேடு தொடங்கியது. கியரைக் குறைக்க வேண்டிய இடம். அப்பாவின் கை கியரிலிருந்து எழுந்தது. இந்த முறை பாதியில் நிற்கவில்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், புறங்கையை என் தொண்டையில் வைத்தார். சற்று நேரம் கேட்டார்.

"இது வண்டி இல்லையே," என்றார் மெதுவாக.

மேடு செங்குத்தாகியது. இன்ஜின் திணறியது. பிறகு முனகியது. பாரத்தோடு, ஏறமாட்டேன் என்று, தகடெல்லாம் அதிர, அவருடைய இரண்டு வெறுங்கால்களுக்கும் நன்றாகத் தெரியும்படி முனகியது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அப்பா கையை எடுக்கவில்லை.